ஓடக் கூடாத மேஜை

ஆபரேஷன் மேஜையிலிருந்து குதித்து ஓடியவள் என்று எங்கள் ஊரில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. பொய் இல்லை, ஓடினேன். பச்சை அங்கியோடும் புறங்கையில் குத்திய ஊசியோடும் விருதுநகர் ஆஸ்பத்திரியின் நீள வராந்தாவில் தலைவிரிகோலமாக ஓடி, ஆம்புலன்ஸ் வந்து நிற்கிற வாசலில் போய்த்தான் நின்றேன். அங்கே என் வீட்டுக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த டீயைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல், "அதுக்குள்ளயா முடிஞ்சுபோச்சு?" என்று கேட்டார். அப்படி ஒரு மனுசன்.

எனக்குக் கழுத்தில் கட்டி. முதலில் சின்னதாக இருந்தது, சேலை முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டால் தெரியாது. பிறகு அது வளர்ந்து, எதிரே பேசுகிறவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் கழுத்தைப் பார்த்துப் பேசும் அளவுக்கு வந்தது. அதற்கும் நான் அசரவில்லை. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்ட ஆரம்பித்த பிறகுதான் டாக்டரிடம் போனேன். தைராய்டு கட்டி, மூச்சுக்குழாயை ஒரு பக்கமாக அமுக்குகிறது, எடுத்தே ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் மூச்சு விடவே வழி இல்லாமல் போய்விடும் என்றார். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் பிரசவ ஆபரேஷன் முதுகில் ஊசி போட்டுத்தான் நடந்தது. முழித்துக்கொண்டே கிடந்து, பிள்ளை அழுததையும் கேட்டோம். அப்படிச் செய்ய முடியாதா என்று கேட்டேன். முதுகு ஊசி இடுப்புக்குக் கீழேதான், கழுத்துக்கு முழு மயக்கம்தான் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கே எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் என் வேலையைச் சொல்ல வேண்டும். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து அடைக்கிறவள். ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. நாலு பக்கமும் வாசல், ஆளுக்கு ஒன்று. கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்கும், தாழ்ப்பாள் கிடையாது. அவரவர் வாசலைப் பார்த்து உட்கார்ந்துதான் வேலை செய்ய வேண்டும். அதனால் கூட வேலை செய்கிறவளின் முகம் தெரியாது, குரல்தான் தெரியும். எனக்கு நேர் பின்னால், எதிர் வாசலில் உட்காருகிறவள் என் ஓரகத்தி, என் கொழுந்தனார் பெண்டாட்டி. ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து ஒரே ரூமில் முதுகுக்கு முதுகாக எத்தனையோ சீசன் உட்கார்ந்துவிட்டோம்.

ரூமுக்குள் நுழையும் முன்பு செருப்பைக் கழற்றி, வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும், உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக. தலையில் ஹேர்பின் கூடாது, சேலையில் ஊக்கு கூடாது, நைலான் சேலை கூடாது, செல்போனைக் கம்பெனி கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். இதெல்லாம் கூடாதவை. செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சர்ரென்று மருந்து பற்றுகிற சத்தம் கேட்டால் ஓடு. திரும்பிப் பார்க்காதே, யாரையும் கூப்பிடாதே, யாரையும் இழுக்காதே, என்ன சத்தம் என்று யோசிக்காதே. யோசிக்கிறவள் ஓட மாட்டாள்.

ஒரு தடவை அப்படி ஓடியிருக்கிறோம். கொஞ்சம் மருந்து எங்கேயோ உரசிச் சர்ரென்றது. நான் என் வாசலில் பாய்ந்து சீமைக்கருவைக்குள் விழுந்து எழுந்து ஓடினேன். ஓரகத்தி அவள் வாசலில் அந்தப் பக்கம் ஓடினாள். மருந்து பிடிக்காமல் புஸ்ஸென்று அணைந்துபோனது. ஆனால் அது எனக்குத் தெரியாது. அவள் இருக்கிறாளா இல்லையா என்றும் தெரியாது. ரூமைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனால், அவளும் என்னைத் தேடிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறாள். கட்டிப்பிடித்துக்கொண்டோம் என்று நினைக்காதீர்கள். "எருமை மாதிரி வாரியேடி, சீக்கிரம் வர மாட்டியா?" என்று நான் அவளைத் திட்ட, "உசுரோட இருக்கேன்னு ஒரு சத்தம் குடுத்தா என்னக்கா?" என்று அவள் என்னைத் திட்டினாள். அவள் எனக்காக நிற்கவில்லை, நான் அவளுக்காக நிற்கவில்லை. அதில் இரண்டு பேருக்கும் வருத்தம் கிடையாது. நின்றிருந்தால்தான் தப்பு.

இப்படிப் பழகிய உடம்பை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். ஹேர்பின்னை எடுக்கச் சொன்னார்கள். ஊக்கு, மெட்டி, வளையல், எல்லாம் கழற்றியாயிற்று. சேலையை மாற்றி நூல் துணியில் ஒரு அங்கி. செல்போன் உள்ளே கூடாது என்று போர்டு. மற்றவர்களுக்கு இதைப் பார்த்தால் எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்று தைரியம் வரும். எனக்குப் பயம் கூடியது. இத்தனையும் கழற்றச் சொல்லும் இடம் எப்படிப்பட்ட இடம் என்று எனக்குத் தெரியாதா? என் கண் தானாகச் செம்புத் தகட்டைத் தேடியது. தகடு இல்லை. இருந்தது ஒரே கதவு, அதையும் சாத்திவிட்டார்கள். மேஜையில் படுக்க வைத்தபோது அந்தக் கதவு என் தலைக்குப் பின்னால் போய்விட்டது. என் ஆயுசில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததில்லை. பஸ்ஸில்கூட வாசலுக்குப் பக்கத்துச் சீட்டு கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே வருகிறவள் நான்.

ஸ்பிரிட் வாடை வந்தது. தலைமாட்டில் யாரோ எதையோ திருகினார்கள். சர்ரென்று ஒரு சத்தம்.

அதற்குப் பிறகு நான் எதுவும் செய்யவில்லை, என் கால்தான் செய்தது. "ஓடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் தட்டு ஒன்று விழுந்தது. எனக்குப் பின்னாலேயே ஒரு நர்ஸம்மாவும் கொஞ்ச தூரம் ஓடிவந்தார், பாவம், அவருக்கு என்ன தெரியும். எனக்கு வைக்க எடுத்த முக மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்ற, மயக்கம் கொடுக்கும் டாக்டரம்மாவின் முகம் மட்டும் எனக்கு ஒரு கணம் தெரிந்தது. அது ஆக்சிஜன் என்று பிறகு சொன்னார்கள். மயக்கம் கொடுக்கும் முன்பு கொஞ்ச நேரம் அதைத்தான் மூச்சு இழுக்கச் சொல்வார்களாம்.

ஆபரேஷன் செய்ய இருந்த பெரிய டாக்டருக்குக் கோபம். அவர் கோபம் நியாயம்தான். இனிமேல் மயக்க டாக்டர் சரி என்று சொன்னால்தான் இந்தம்மாவை மேஜையில் ஏற்றுவேன், இன்னொரு தடவை இப்படி நடந்தால் மதுரைக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் ஆளாளுக்கு ஒரு கதை. மயக்கம் கூடிப்போனால் எந்திரிக்கவே மாட்டார்கள் என்றாள் எதிர்வீட்டுக்காரி. மயக்கத்தில் மனதில் இருப்பதையெல்லாம் உளறிவிடுவார்கள் என்றாள் இன்னொருத்தி. அப்படி உளறினால் முதலில் உன்னைப் பற்றித்தான் உளறுவேன் என்று சொல்லி அவளை எழுப்பி அனுப்பினேன். ஓரகத்தி என்னைக் கேட்காமலே இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு வந்து, "உன் கழுத்துல, நோவு இருக்க எடத்துலயே மாவிளக்கு வச்சு எடுக்கேன்னு வேண்டியிருக்கேன்க்கா" என்றாள். "தீயை என் கழுத்துகிட்டக் கொண்டுவராத, பக்கத்துல வச்சாலும் ஆத்தா ஏத்துக்கிடுவா" என்று எரிந்து விழுந்தேன். எல்லார்மேலும் கோபம் வந்தது. உண்மையில் பயம். உட்கார்ந்தபடியே தூங்கிப் பழகிவிட்டேன். சோற்றை விழுங்கத் தண்ணீர் தேவைப்பட்டது. இப்படியே இருந்தால் கட்டி என் மூச்சை அடைக்கும். போய்ப் படுத்தால் என் மூச்சை நானே இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும். நாலு வாசல் ரூமில் இருந்தவளுக்கு ஒரு வாசலும் இல்லை.

மயக்க டாக்டரம்மாவைப் பார்க்கப் போன அன்று வீட்டுக்காரரை வெளியே உட்கார வைத்துவிட்டேன். டாக்டரம்மாவுக்கு என்னைவிட வயது குறைவு. என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"தூங்க வச்சிருவீகளா டாக்டரம்மா?"

"தூக்கம்னு சொன்னா உங்களை ஏமாத்துற மாதிரிம்மா. தூங்குற ஆளைக் கிள்ளினா முழிச்சிருவாங்க. இதுல கத்தி வச்சாலும் முழிப்பு வராது. கையில ஊசி வழியா மருந்து போடுவோம். கொஞ்ச நேரத்துல நினைவு போயிரும். அப்புறம் உடம்பு முழுக்கத் தசையைத் தளர்த்த ஒரு மருந்து. அப்பதான் தொண்டையில குழாய் போட முடியும்."

"தளர்த்துறதுன்னா? கை, கால் அசையாதா?"

"அசையாது. மூச்சு விடுற தசையும் வேலை செய்யாது. அதுக்குத்தான் குழாய். மெஷின் உங்களுக்காக மூச்சு விடும். கையையும் ரெண்டு பக்கமும் பட்டியால கட்டி வைப்போம், கீழ தொங்கிரக் கூடாதுல்ல?"

"என்ன டாக்டரம்மா சொல்லுதீக, உசுரோட புதைக்கிறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மா கோபப்படவில்லை. எழுந்துபோய்க் கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அப்போது நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

நடுவில் முழித்துக்கொண்டால் என்ன ஆகும், முழித்தும் அசைய முடியாமல் கிடந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். ரொம்ப ரொம்ப அபூர்வம், ஆனால் நடக்கவே நடக்காது என்று பொய் சொல்ல மாட்டேன் என்றார். இதயத் துடிப்பும் பிரஷரும் ஏறுகிறதா, நான் இழுக்கிற மயக்க வாயு எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்று ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே இருப்பாராம். எந்திரிக்காமலே போனால் என்று கேட்டேன். மயக்கம் ஒரு தடவை கொடுத்துவிட்டால் தானாக ஓடிக்கொண்டிருப்பதில்லை, கொடுக்கக் கொடுக்கத்தான் இருக்கும், வாயுவை நிறுத்தினால் அது மூச்சு வழியாகவே வெளியே போய்விடும், தசைக்கும் மாற்று மருந்து உண்டு, நீங்களாக மூச்சு விடுகிறீர்கள் என்று தெரிந்த பிறகுதான் குழாயை எடுப்பேன் என்றார். காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொல்வது எதற்கு என்றும் அப்போதுதான் புரிந்தது. மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடுமாம். நான் என்னவோ பரிசுத்தமாக வரச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

பிறகு மூலையில் நின்ற சிலிண்டரைத் திருகினார். சர்ரென்றது. நான் கதவுக்கு வெளியே நின்றேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது.

டாக்டரம்மா சிரித்தார். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "வாங்கம்மா, வெறும் ஆக்சிஜன்" என்று கூப்பிட்டு என் கையில் முக மூடியைக் கொடுத்தார். திருகினார், மூடினார், மறுபடி திருகினார். கடைசியில் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். ஆனால் கால் பெருவிரல் தரையில் ஊன்றித்தான் இருந்தது.

"இன்னும் என்னமோ கேக்கணும்னு இருக்கீங்க" என்றார்.

இருந்தது. உண்மையில் அந்த ஒன்றைக் கேட்கத்தான் வந்திருந்தேன். "தப்பா நினைக்காதீக. எங்க ரூம்ல ஒண்ணுன்னா அவுக அவுக ஓடிரணும். யாரும் யாருக்கும் நிக்கக் கூடாது. நின்னா ரெண்டு உசுரு போகும். அது தப்பு இல்ல, அதுதான் சட்டம். நான் அங்கன கையைக் கட்டிக் கெடக்கையில ஏதாச்சும் ஆச்சுன்னா, தீயோ கரண்டோ, நீங்க ஓடிருவீகளா? ஓடுவேன்னா சொல்லிருங்க. தெரிஞ்சுக்கிட்டுப் படுக்கேன்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"ஓட மாட்டேன்" என்றார். "எனக்கு ரொம்ப நல்ல மனசுன்னு சொல்லலம்மா. எங்க வேலையோட சட்டம் அது. உங்க மூச்சு என் கையில இருக்கிற வரைக்கும் உங்க தலைமாட்டை விட்டு நான் நகரக் கூடாது. எனக்கே ஏதாவது அவசரம்னாகூட இன்னொரு மயக்க டாக்டர் வந்து என் இடத்துல நின்ன பிறகுதான் போகலாம். வெளிய போயே ஆகணும்னு ஒரு நிலைமை வந்தா, உங்களைத் தள்ளிக்கிட்டுத்தான் போவேன். கையால அமுக்கி மூச்சு குடுக்க ஒரு பை இருக்கு. அதை அமுக்கிக்கிட்டே வருவேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் அழுகிறேன் என்று அவருக்குப் புரிந்திருக்காது. பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து என் கையைத் தட்டிக்கொடுத்தார். நான் அழுதது பயத்தில் இல்லை. ஓடு என்பதுதான் எனக்குத் தெரிந்த சட்டம். ஓடாதே, கூட இரு என்று ஒரு வேலையில் சட்டமே வைத்திருப்பார்கள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

இரண்டாவது தடவையும் அதே மேஜை, அதே கதவு, அதே ஸ்பிரிட் வாடை. தோளுக்கு அடியில் துணியைச் சுருட்டி வைத்தார்கள். மூச்சு முட்டியது. கையை இரண்டு பக்கமும் விரித்துப் பட்டியால் கட்டினார்கள். கட்டும்போது எனக்குச் சொல்லிவிட்டுத்தான் கட்டினார்கள், ஆனாலும் பிடுங்கிக்கொண்டு போக வேண்டும்போல்தான் இருந்தது. தைரியம் வந்துவிட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். சர்ரென்றது. தொடை இறுகியது, குதிகால் மேஜையை உந்தியது. மூடி என் முகத்துக்கு மேலே வந்தது. அதற்குள்ளிருந்தே கேட்டேன்.

"இருக்கீகளா?"

"இருக்கேன்மா." குரல் தலைக்கு மிகப் பக்கத்தில், பின்னாலிருந்து வந்தது. முகம் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் முகம் தெரியாமல் பேசும் குரல் எனக்குப் பழக்கம்தான். குதிகாலை மெதுவாகத் தளர்த்தினேன். புறங்கையில் எரிச்சலாக என்னவோ ஏறியது.

அவ்வளவுதான். கனவு இல்லை, இருட்டு இல்லை, நேரமும் இல்லை. யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். "கண்ணைத் திறங்கம்மா, முடிஞ்சிருச்சு. ஒரு வார்த்தை பேசுங்க பாப்போம்." தொண்டை ரணமாக இருந்தது. குரல் நரம்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பேசச் சொன்னார்களாம். நான் பேசிய முதல் வார்த்தை, "வாசல் எங்க?" டாக்டரம்மா சிரித்தார். அப்போதும் தலைமாட்டில்தான் நின்றார்.

மூச்சு நன்றாக இருந்தது. எவ்வளவோ காலம் கழித்து மல்லாந்து படுத்துத் தூங்கினேன். வீட்டுக்காரர் ஒரு வாரம் குழம்பு வைத்தார், அதையும் சாப்பிட்டுத் தேறினேன். இருக்கன்குடிக்குப் போய் மாவிளக்கை ஓரகத்தி என் கழுத்திலிருந்து நன்றாகத் தள்ளியே பிடித்துக்கொண்டாள். தையல் ஆறிச் சீசனுக்கு வேலைக்குப் போனேன். போகாமல் என்ன செய்ய? எங்களுக்கு வேறு என்ன வேலை தெரியும்?

செருப்பைக் கழற்றி, தகட்டைத் தொட்டு, என் வாசலைப் பார்த்து உட்கார்ந்தேன். பின்னால் ஓரகத்தி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அடைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"உள்ள ரொம்பப் பயம் வந்துச்சாக்கா?" என்று கேட்டாள்.

"வந்துச்சு. ஆனா தலைமாட்டுல ஒருத்தர் இருந்தாக. கடைசி வரைக்கும் இருந்தாக."

பின்னால் அடைக்கிற சத்தம் நின்றுபோனது. அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் வாசலைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பாள்.

"அக்கா" என்றாள். "ஆஸ்பத்திரி நெனப்புல இங்கன ஒண்ணும் பண்ணிராத. சத்தம் கேட்டா ஓடிரணும். எனக்காக நிக்கக் கூடாது, என்ன?"

"நிக்க மாட்டேன்" என்றேன்.

முன்பு இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் உண்மையாகத்தான் சொன்னேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, நிற்காமல் ஓடுவேனா என்று எனக்கே தெரியாமல் சொன்னேன். திரும்பி அவளைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்க்கவில்லை. அடுத்த பூச்சட்டியை எடுத்து மருந்தை அடைக்க ஆரம்பித்தேன்.